தமிழுக்கு ஒரு முறை, மலையாளத்துக்கு ஒரு முறை

எங்கள் சபையில் யாராவது குடையைத் தொலைத்துவிட்டால் அந்த அறிவிப்பைக்கூட இரண்டு தடவை சொல்வார்கள், ஒருமுறை தமிழில், ஒருமுறை மலையாளத்தில். உதியன்குளங்கரை முக்கிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருந்த பழைய மிஷன் சபை அது. அங்கே தமிழ் மட்டும் தெரிந்தவர் என்றோ மலையாளம் மட்டும் தெரிந்தவர் என்றோ ஒருவர்கூடக் கிடையாது. வீட்டுச் சண்டையைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறவர்கள்தான் எல்லோரும். இருந்தாலும் ஒரு மொழியில் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் மறு கட்சிக்காரர்கள் பிஷப்பு வரைக்கும் போய்விடுவார்கள்.

இரண்டிலும் சொல்வது என்று ஆனபிறகு, எதில் முதலில் சொல்வது என்று ஒரு தகராறு வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலம் ஒன்று அதனாலேயே பாதியில் நின்றுபோயிற்று. கடைசியில் கமிட்டி கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. முதல் அறிவிப்பு தமிழில் தொடங்கினால் இரண்டாவது மலையாளத்தில் தொடங்க வேண்டும், அடுத்தது மறுபடியும் தமிழ். வேதவசனத்தைத் தப்பாக வாசித்தால்கூட மன்னித்துவிடுவார்கள், முறை தப்பினால் மன்னிக்க மாட்டார்கள்.

எங்கள் பெரிய மாமா தமிழ்க் கட்சியின் தூண். தாத்தா இறந்தபிறகு வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கு மூத்தவர் அவர், அம்மாவுக்கு இளையவள் சித்தி. சித்தி மிஷன் ஆசுபத்திரியில் நர்சாக இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருஷம், நார்வேயிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, சாயிப்பும் மதாம்மையுமாக, அந்த ஆசுபத்திரியைப் பார்க்க வந்தார்கள். மதாம்மை தங்கள் ஊரில் வயதானவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். சித்தி ஒரு கிழவருக்குப் படுக்கைப்புண் கழுவுவதை அந்த மதாம்மை பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள். முடித்ததும், எங்கள் ஊருக்கு வருகிறாயா, மேற்கொண்டு படிக்கவும் வைக்கிறோம், வேலையும் தருகிறோம் என்று கேட்டுவிட்டாள். சித்தி அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள். அவளுக்குப் போக ஆசை. அவ்வளவு ஆசையை நான் அதற்கு முன் பெரியவர்கள் முகத்தில் பார்த்ததில்லை.

மாமா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஊருக்க பேரே வாயில வரமாட்டேங்குது. அங்க என்ன உண்டு, எது உண்டுன்னு ஒண்ணும் அறியாம ஒரு பெண்ணை எப்பிடி அனுப்ப?" என்றார்.

இதைக் கேட்ட சாயிப்புக்கு ஒரே சந்தோஷம். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத் தன் ஊரைக் காட்டி விளக்குவதுதான் அவருடைய உத்தியோகமாம். வண்ண ஸ்லைடுகளும் அதைக் காட்டுகிற மெஷினும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபையில் எல்லோருக்குமே காட்டிவிடலாம் என்று போதகரும் சொல்லிவிட்டார்.

சாயிப்பு இங்கிலீஷில் பேசுவார், அதை இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். தமிழுக்குச் சித்தி. மலையாளத்துக்கு ஒரு சார். அவர் பக்கத்துப் பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், பாடம் எடுப்பவர், சபையில் மலையாள ஆராதனையில் பாட்டு நடத்துவார், மெலிந்த ஆள். எங்கள் வீட்டு வழியாக அவர் சைக்கிளில் போகும் நேரத்தில் சித்திக்கு எப்போதும் முற்றத்தில் ஏதாவது வேலை இருக்கும். அது தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. வெள்ளறடையிலிருந்துகூட ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட இரட்டை முண்டு ஒன்றைத் திரையாகக் கட்டித் தொங்கவிட்டு, அதன் இந்தப் பக்கம் சித்தியும் அந்தப் பக்கம் சாரும் நின்றார்கள். மாமா முன் பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பாயில் நான். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் என்பதால் எனக்கு ஒரு தெனாவட்டு உண்டு. இரண்டு பேரும் சரியாகச் சொல்கிறார்களா என்று மார்க் போடும் எண்ணத்தில் இருந்தேன்.

சாயிப்பு ஊரைக் காட்டத் தொடங்கினார். தண்ணீர் ஓரமாகச் சிவப்பும் மஞ்சளுமாக மரவீடுகள். அமைதியான சின்ன ஊர், தெருவில் அதிகம் ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்றார். தமிழ் முறை. "அமைதியான ஊர்" என்றாள் சித்தி. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளனக்கமில்லாத்த ஸ்தலம்" என்றார். ஆள் நடமாட்டமே கிடையாது என்று அர்த்தம். மாமாவின் புருவம் உயர்ந்தது.

அடுத்த படம், வெள்ளைப் படகு. படகில் ஏறித் தீவு தீவாகச் சுற்றலாம், பஸ் குறைவு என்றார் சாயிப்பு. இப்போது மலையாள முறை. "எவிடெ போகானும் போட்டு வேணம்" என்றார் சார், எங்கே போவதற்கும் படகுதான், பஸ்ஸே இல்லாத ஊர் என்பதுபோல. சித்தி தன் முறை வந்ததும், "படகுல தீவெல்லாம் சுத்திப் பாக்கலாம், அவ்வளவு அழகு" என்றாள். அழகு என்று சாயிப்பு சொல்லவே இல்லை.

இப்படியே போயிற்று. மரச்சட்டங்களில் வரிசையாக மீன் தொங்கும் படம் வந்தபோது சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏதோ ஒன்றாவது தெரிந்ததாக இருந்ததே என்ற நிம்மதி. குளிர்காற்றிலேயே காய்ந்துவிடும், உப்பு சேர்ப்பதில்லை என்றார் சாயிப்பு. "நம்ம ஊரு மாதிரியே அங்கயும் கருவாடு உண்டு" என்றாள் சித்தி. "உப்பில்லாத்த கருவாடு" என்றார் சார். பெண்கள் பக்கத்திலிருந்து பரிதாபமாக உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. பழைய பலசரக்குக் கடை ஒன்றை அப்படியே வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்களாம். "அப்பம் நம்ம முக்குக் கடைக்கும் டிக்கெட்டு வைக்கலாமே" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, போதகரே சிரித்துவிட்டார். காட்டில் போய்ப் பழம் பறிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மலைமேல் ஏறி அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் சட்டென்று பழகமாட்டார்கள், ஆனால் பழகினால் நல்லவர்கள். இதில் "நல்லவங்க" சித்திக்குப் போயிற்று, "அதிகம் மிண்டூல்ல", அதாவது அதிகம் பேசமாட்டார்கள் என்பது, சாருக்குப் போயிற்று.

சாயிப்பு சொன்னதில் ஆளுக்குப் பாதியைத்தான் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பது மார்க்குக்கு மேல் கொடுக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஆனால் சார்மேல் எனக்குக் கோபமாக இருந்தது. அவர் ஒவ்வொன்று சொல்லும்போதும் மாமா பின்னுக்குச் சாய்ந்துகொண்டே போனார். சித்தியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிற்று, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓடுகிறவள்போல. இந்த ஆளுக்கு இங்கிலீஷ் அரைகுறை, இவரால் சித்தியின் காரியம் கெட்டுவிடப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கோடைக்காலப் படம் ஒன்று வந்தது. நடுராத்திரியிலும் வெயில். "அப்பம் எப்பம் உறங்குவினும்?" என்று மாமா வாய்விட்டுக் கேட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கொள்வார்கள் என்று சாயிப்பு சொன்னார். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த படம் நீலமும் கறுப்புமாக இருந்தது. பனி மூடிய தெரு, மரவீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சின்ன வெளிச்சம். சாயிப்பு குரலைத் தாழ்த்தி, எளிய இங்கிலீஷில் சொன்னார். எனக்கே முழுக்கப் புரிந்தது. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது கஷ்டம், சிலர் அழுதுவிடுவார்கள். அதனால் நாங்கள் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு வைக்கிறோம்.

தமிழ் முறை. சித்தி முண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். சொன்னால் மாமா அனுப்பமாட்டார். சொல்லாமல் விட்டால், இவ்வளவு நேரம் குற்றம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த சார் அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறார். சபை காத்திருந்தது. மாமா, "என்ன பிள்ளெ, சொல்லு" என்றார்.

சார் அவளைப் பார்த்தார். அவ்வளவு நேரத்தில் அவர் அவள் பக்கம் திரும்பியது அப்போதுதான். பிறகு சபையைப் பார்த்து, தன் முறை வராமலே பேசினார்.

"ஓரோ வீட்டிலும் ஜனலில் விளக்கு வைக்கும். வழி நடக்குன்னவர்க்கு வெளிச்சம் கிட்டான். அத்ர ஸ்நேகமுள்ள நாடு."

வழியில் போகிறவர்களுக்காக வீட்டுக்கு வீடு விளக்கு வைக்கிறார்கள், அவ்வளவு பாசமுள்ள ஊர் என்று சொல்லிவிட்டார். சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சபையில் இடி விழுந்ததுபோல ஆயிற்று. "முறை தெற்றிப்போச்சு. இது தமிழுக்க முறையில்லா?" என்று ஒருவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். "அவ மிண்டாம நின்னா பின்ன என்ன செய்ய?" என்று மலையாளக் கட்சி எழுந்தது. மாமா எழுந்து நின்று, "எலே, நீ யாருக்க முறையில பேசுன?" என்று சாரைப் பார்த்து விரலை நீட்டினார். சார் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் கைமணியை அடித்தார். சாயிப்பு முகம் வெளுத்து, விளக்கைப் பற்றி நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதை யாரும் எந்த மொழியிலும் மொழிபெயர்க்கவில்லை.

ஒருவழியாக அடங்கியதும், தமிழில் சொன்னபிறகுதான் அடுத்த படம் என்று போதகர் தீர்ப்பளித்தார். சித்தி சொன்னாள். "வீட்டுக்கு வீடு ஜன்னல்ல விளக்கு வைப்பாங்க. வழியில போறவங்களுக்கு வெளிச்சம் கிடைக்கணும்னு. அவ்வளவு அன்பான ஊர்." இங்கிலீஷிலிருந்து சொல்லவில்லை அவள், சாரின் மலையாளத்திலிருந்து சொன்னாள். குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதும் மாமாவுக்குக் கோபம் ஆறவில்லை. பாதிக் கஞ்சியில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அந்தப் பய ஆதியிலேர்ந்து குத்தமாக்கும் சொல்லிட்டு வந்தான். அவனுக்க வாயிலேயே கடைசியில நல்ல வார்த்தை வந்துதுன்னா, அது நல்ல ஊராத்தான் இருக்கும். போயிட்டு வரட்டும்." அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டாள். சித்தி சிரிக்கவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முறை தவறியதற்காகச் சாரை மொழிபெயர்ப்பிலிருந்தும் பாட்டு நடத்துவதிலிருந்தும் கமிட்டி நீக்கியது. அடுத்த ஞாயிறு அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். ஆராதனை முடிந்ததும் அவர் சைக்கிள் பக்கம் போனேன்.

"சார், அண்ணைக்கு ரெண்டு மாசம் சூரியன் வராதுன்னு சாயிப்பு சொன்னாரு. நீங்க அதை விட்டுட்டீங்க."

அவர் சைக்கிளைப் பூட்டினார், மறுபடி திறந்தார். "அப்பிடியா மக்கா? எனக்கு வெளங்கல்ல."

"அழுவாங்கன்னும் சொன்னாரு."

"ம்." சைக்கிள் சீட்டைக் கையால் துடைத்தார். "நீ மாமன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. எனக்க இங்கிலீஷ் மோசம்னு நாலு பேரு அறிஞ்சா வெக்கக்கேடில்லா."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பரிதாபமாகிவிட்டது. ஒரு சாருக்கு இப்படி ஒரு நிலைமையா என்று மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். மறுநாள் என்னுடைய பழைய நாலாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுபோய், சுலபமாக இருக்கும், முதலிலிருந்து படியுங்கள் என்று கொடுத்தேன். அவர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

சித்தி கிளம்பிய அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போனோம். முன்னால் மாமா, பின்னால் அம்மாவும் சித்தியும், சித்தி மடியில் நான். சபையிலிருந்து பாதிப் பேர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். சார் வரவில்லை. பாரலல் காலேஜைத் தாண்டும்போது சித்தி கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் புத்தகம் நினைவுக்கு வந்தது. மாமாவுக்குக் கேட்காமல் சித்தியின் காதருகில், "பாவம் சித்தி, அந்தச் சாருக்கு இங்கிலீஷே தெரியாது" என்றேன்.

சித்தி கண்ணாடியை ஏற்றினாள். "அவருதான் மக்கா எனக்கு இங்கிலீஷ் படிப்பிச்சுத் தந்தது" என்றாள்.

அந்த ஆளிடம் கற்றுக்கொண்ட இங்கிலீஷை வைத்துக்கொண்டு சித்தி அவ்வளவு தூரத்து ஊரில் எப்படிப் பிழைக்கப்போகிறாள் என்று பயந்துபோய், நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவளும் என் கையை விடவில்லை. அவள் அழுதது அதே கவலையால்தான் என்று நினைத்தேன்.