முதல் ஆல்பத்துக்குக் காது தேடிய கதை

ஆக்லாந்தில் ஜாஸ் பியானோ வாசிக்கிற தமிழனிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அது சரி, வேலை என்ன?" என்பதுதான். பகலில் ஐ.டி. என்று சொன்னதும் நிம்மதியடைவார்கள். என் போல் அல்லல்படும் வாத்தியக்காரர்களே, இந்த வருஷம் என் முதல் ஆல்பம் வந்தது. எனக்கு இருந்தது ஒரே ஆசை: யாராவது ஒருவர் அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும்.

வெளியீட்டு விழா

மவுண்ட் ஆல்பர்ட்டில் ஹால் பிடித்து, நம் வழக்கப்படி விழா நடந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. வந்தவருக்கெல்லாம் பொன்னாடை; போர்த்தியவருக்கும் ஒருவர் போர்த்தினார். ஆல்பத்தை வானளாவப் புகழ்ந்தவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் பியானோ முன் உட்காரும்போது ஹாலைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். சங்கச் செயலாளர் ஓடி வந்து காதில் சொன்னார்:

"சார், டைம் இல்ல. பல்லவி மட்டும் வாசிச்சிட்டு இறங்கிடுங்க."

பிறந்தநாள் வீடு

விழாவில் என்னைப் பார்த்த யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், லின்ஃபீல்டில் தன் மனைவியின் பிறந்தநாளுக்கு வாசிக்கக் கூப்பிட்டார். ஆல்பத்தின் முதல் உருப்படியை ஆரம்பித்தேன். ஜாஸில் மெட்டை ஒரு முறை வாசித்துவிட்டு, பிறகு அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்போம். அன்று நன்றாகவே தோன்றியது. கூட்டம் சட்டென்று அமைதியானது. ஆஹா, கேட்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். வீட்டுக்காரர் மெல்ல வந்து தோளைத் தட்டினார்:

"பதட்டப்படாதேங்கோ தம்பி, மறந்துபோறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். முதல்ல இருந்து ஆறுதலா வாசியுங்கோ."

தினசரி ரசிகர்

ஏவன்டேலில் ரயிலுக்கு நிற்கும்போது நண்பர் செந்தில், என் ஆல்பம் தன் வீட்டில் தினமும் முழுசாக ஓடுகிறது என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா சார், நாங்க வேலைக்குக் கிளம்பறப்ப நாய்க்குப் போட்டு விட்டுடுவோம். குரைக்கவே மாட்டேங்குது."

வீட்டில்

என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்குப் போகும் ரயிலில் ஹெட்ஃபோனில் என்னவோ கேட்பாள். என்னுடையதாக இருக்காது என்று நானே தீர்மானித்திருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, நாலாவது உருப்படியில் ஒரு இடத்தில் இடது கை தடுமாறுகிறதே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். கூட வாசித்த டிரம்ஸ்காரருக்கே தெரியாத தப்பு அது.

"முழுசும் கேட்டியா?" என்றேன். தலையாட்டினாள். அந்த இடத்தைத் திருத்தி வாசித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"நோ அப்பா, லீவ் இட். அங்க மட்டும்தான் யூ சவுண்ட் லைக் யூ."

எங்கள் தொழிலில் பாராட்டுவதற்கு ஒரு ஹால் நிறைய ஆட்கள் கிடைப்பார்கள், தப்புக் கண்டுபிடிக்க ஒரே ஒருத்தர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.