பின்சீட்டுச் சுருதி

எனக்கென்று ஓர் அறை உண்டு. என் தலை அளவுதான் இருக்கும். முன்னால் கண்ணாடி, உள்ளே மெத்தை, தாடைக்குக் கீழே தாழ்ப்பாள். மற்றவர்கள் அதை ஹெல்மெட் என்று சொல்வார்கள்.

ஆலங்காயத்தில் எங்கள் வீட்டில் பாடுவதற்குத் தடை எதுவும் கிடையாது. தடை இருந்தால்கூடப் பரவாயில்லை, மீறிப் பாடிவிடலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் என் பாட்டை மதிப்பவர்கள், தொல்லையே அதுதான். காலையில் உட்கார்ந்து 'ஆ' என்று அகாரம் பிடித்தால் சமையலறையிலிருந்து மாமியார், "இன்னாமா, கூப்ட்டியா?" என்று கேட்பார். இல்லை அத்தை, பாடுகிறேன் என்றால், சரி பாடு என்று கீரைக்கட்டோடு பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். துண்டு எங்கே என்று தேடிக்கொண்டு வரும் என் கணவர், துண்டை மறந்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பிப்பார். அதையும் தப்பாகப் போடுவார். காவலூர் தாண்டி மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். அங்கே காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகள் சரளி வரிசையை என்மேல் வீசி எறிந்துகொண்டே இருப்பார்கள். சங்கீதத்திலேயே மூழ்கி வாழ்கிறாய், கொடுத்துவைத்தவள் என்று உறவுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். மூழ்கினால் மூச்சு முட்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கும் மலைப்பாதைதான் எனக்கு மிச்சம். ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டால் உலகம் வெளியே நின்றுவிடும். என் ஸ்கூட்டர் பழசு. ஏற்றத்தில் ஒரே சீராக விட்டால் இஞ்சின் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே வரும். அந்த இழுப்புதான் எனக்குத் தம்புரா. நிஜத் தம்புராவை அடிக்கொரு தரம் சுருதி சேர்க்க வேண்டும், இதற்குப் பெட்ரோல் போட்டால் போதும். வளைவுக்கு வளைவு ஆலாபனை செய்துகொண்டு போவேன். இந்தப் பக்கம் ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைவு. அதனால் ஒருநாள் அடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி, பிடிபட்ட பையன்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். அனுபல்லவி பாதியில் அறுந்துபோன எரிச்சலில் நான் முறைத்துக்கொண்டு நின்றேன். அதை அவர் பொறுப்புணர்ச்சி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த அறைக்கு உண்மையாகவே தேவை வந்தது, வேலூரில் ஒரு சபாவிலிருந்து கூப்பிட்டபோது. பாடுகிறவர்களே இயற்றிய பாட்டுகளுக்கென்று ஒரு கச்சேரி வரிசை வைத்திருந்தார்கள். உங்களிடம் சொந்தப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருந்தது முக்கால் பாட்டு. இத்தனை வருடம் மற்றவர்கள் செய்த பாட்டையே பாடி, மற்றவர்கள் செய்த பாட்டையே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். முதல் தடவையாக ஒருவர் கேட்டு, நான் கையை விரித்தால், இரண்டாவது தடவை யாரும் கேட்கப்போவதில்லை. அது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

பாட்டு முருகன்மேல். தனியாக இருக்கவேண்டும் என்று கோபித்துக்கொண்டு மலைக்குப் போய் நின்றவனை, ஊரே காவடி தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிப்போய்த் தொந்தரவு செய்கிறதே, அதைக் கேலி செய்கிற பாட்டு. அவன் நிலைமை எனக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது. காம்போதியில் பல்லவி, அனுபல்லவி இரண்டும் சமர்த்தாக வந்துவிட்டன. சரணத்தில்தான் வம்பு. 'நானும் ஏறி வந்தேன்' என்ற இடத்தில், அந்த 'ஏறி' மேல் பஞ்சமம்வரை போக வேண்டும் என்று பாட்டு அடம் பிடித்தது. எனக்கும் அது தெரிந்தது. ஆனால் தொண்டை மேல் மத்தியமத்திலேயே நின்றுகொண்டு, இதற்குமேல் நீ போய்க்கோ என்றது. அந்த வரியை மாற்றிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன், சொல்லையே எடுத்துப் பார்த்தேன். எதுவும் நன்றாக இல்லை.

இங்கே என் வயலின்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடகருக்கு ஸா எங்கே தொடங்குகிறதோ அதுதான் அவருடைய கட்டை. வயதாக ஆகப் பெரும்பாலோர் அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள். பாவாடை தாவணிக் காலத்திலிருந்தே நான் ஐந்தரைக் கட்டை. வயலின்காரர் பரம சாது. ஒருநாள் ஒத்திகையில், நாலரையில் பாடிப் பார்க்கலாமா மேடம் என்று வில்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நடுத்தெருவில் நின்று என் வயதைச் சொன்னதுபோல இருந்தது எனக்கு. கொஞ்ச காலம் அவரிடம் தாளம், காபி இரண்டைப் பற்றி மட்டும் பேசினேன்.

பாதையில்தான் இதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று இருந்தபோது, பாதையே பகையானது. எங்கள் மலையில் பஸ் எப்போதாவதுதான் வரும். அதனால் காலியாக இருக்கும் பின்சீட்டு ஊருக்குப் பொது. கையைக் காட்டிக் கெஞ்சுவதெல்லாம் கிடையாது. வளைவில் நிற்பார்கள், வண்டி மெதுவானதும் உட்கார்ந்துவிடுவார்கள். ஏற்றாமல் போனால் பாட்டு டீச்சருக்குத் திமிர் என்பது சாயங்காலத்துக்குள் காவலூர் டீக்கடை வரைக்கும் போய்விடும். ஏறுகிறவர்கள் சும்மாவும் வரமாட்டார்கள். பலாப்பழ விலையிலிருந்து மாட்டுக்கு வந்த கழிச்சல்வரை என் முதுகிடம் சொல்லிக்கொண்டே வருவார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். வீட்டிலிருந்த ஆர்மோனியத்தைப் பெட்டியோடு பின்சீட்டில் கட்டிவிட்டேன். ஆர்மோனியத்தை யாரும் இறக்கிவிட்டு ஏற மாட்டார்கள் அல்லவா?

நர்சம்மா இறக்கினார். காவலூருக்கு அப்பால் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர், குடியிருப்பது ஆலங்காயத்தில். நல்ல ஆகிருதி. கையில் தடுப்பூசிப் பெட்டி, தோளில் பை, மலைக்காற்றுக்குத் தலையில் முக்காடு. அவர் வண்டி மெக்கானிக்கிடம் படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகில் என்னைப் பார்த்தவர், என்னிடம் எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

"பொட்டிய நான் மடியில வெச்சிக்கிறேன் டீச்சர். நீங்க வண்டிய எடுங்க."

நர்சம்மா, தடுப்பூசி, ஆர்மோனியம், நான். முதல் வளைவிலேயே ஸ்கூட்டர் முனக ஆரம்பித்தது. என் அறைக்குள் ஒருவர் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டதுபோல ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, மறுநாளும், அதற்கு மறுநாளும் பேசவில்லை. ஏறும்போது ஒரு சிரிப்பு, இறங்கும்போது ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். நானும் ஆரம்பத்தில் மனசுக்குள் மட்டும் பாடிக்கொண்டேன். பிறகு, ஹெல்மெட்டுக்குள் பாடுவது பின்னாலிருப்பவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் வாய்விட்டே பாடினேன்.

அப்படிப் பாடிக்கொண்டு போன ஒரு காலையில், காவலூர் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தலைகாட்டும் வளைவில், 'ஏறி' போய் மேல் பஞ்சமத்தில் நின்றது. இழுக்கவில்லை, முக்கவில்லை, தானாகப் போய் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைக்க முடியாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் தனியாகத் திரும்பும்போது பாடிப் பார்த்தேன். வரவில்லை. மறுநாள் நர்சம்மாவோடு போனேன், வந்தது. பள்ளிக்கூடத்தில் முயன்றேன், வரவில்லை. நான் படித்தவள்தான், ஆனாலும் வேறு என்ன நினைக்க முடியும்? இந்த அம்மா ராசிக்காரர் என்று முடிவு கட்டினேன். அதன்பின் என் நடவடிக்கை தலைகீழாக மாறியது. யாரும் ஏறிவிடக் கூடாதென்று ஆர்மோனியத்தைக் கட்டியவள், பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஓரங்கட்டி நர்சம்மாவுக்காகக் காத்து நின்றேன். வேறு யாராவது ஏற வந்தால், ஆள் வருகிறார்கள் என்று விரட்டினேன். அவருடைய வண்டி சரியாகிவிடக் கூடாதே என்று மெக்கானிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் முருகனை வேண்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

முருகன் தன்னைக் கேலி செய்த கணக்கைத் தீர்த்துக்கொண்டான். கச்சேரி நெருங்கும் நேரத்தில் நர்சம்மாவை ஒடுகத்தூர்ப் பக்கம் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். சரணம் அவரோடு போய்விட்டது. தினமும் மலையேறி, அதே வளைவில், அதே வரியில் மூச்சு முட்டி நின்றேன். சபாவுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான், அந்த அம்மா அப்படி என்னதான் செய்கிறார் என்று நிதானமாக யோசித்தேன். பாடுவதில்லை, பேசுவதில்லை. உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தால் என்ன ஆகும்? கனம் ஆகும்.

வீட்டில் ஒரு மூட்டை சாமை இருந்தது. மலையிலிருந்து வாங்கி வந்தது. அதைத் தூக்கி ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பின்சீட்டில் கட்டினேன். சாமை எங்கே போகிறது என்று மாமியார் கேட்டதற்குப் பள்ளிக்கூடத்துக்கு என்றேன். சாயங்காலம் அது திரும்பி வந்ததற்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. வழியில் காவலூர் டீக்கடைக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, மலையில் விளைவதை மலைக்கே கொண்டுவருகிறீர்களா டீச்சர் என்று கவலையோடு விசாரித்தார். செல்போனைக் கன்னத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகியிருந்தேன். மற்றவர்கள் பேசுவதற்குச் செருகுவார்கள், நான் பதிவு செய்ய. மூட்டையோடு ஸ்கூட்டர் முனகியது. வளைவு வந்தது. சரணமும் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பறையைச் சாத்திக்கொண்டு, அந்தப் பதிவை ஓடவிட்டு ஆர்மோனியத்தில் ஸாவைத் தேடினேன். ஐந்தரையில் இல்லை. ஐந்திலும் இல்லை. நாலரையில் இருந்தது. கனம் ஏறினால் இஞ்சின் இறங்குகிறது, இஞ்சினோடு நானும் இறங்கிப் பாடியிருக்கிறேன். ஒரு கட்டை இறங்கியது பாட்டு டீச்சருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். காதுக்குத் தெரிந்திருக்கும், எனக்குச் சொல்லப் பயந்திருக்கும். வயலின்காரருக்கு நடந்ததை அதுவும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. கொஞ்ச நேரம் துக்கமாக இருந்தது. அந்த ஐந்தரை இனி என்னுடையது இல்லை. பிறகு சாமை மூட்டையைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

நர்சம்மா முகாம் முடிந்து வந்ததும் வண்டியை ஒரு பலா மரத்தடியில் நிறுத்தினேன். இத்தனை நாள் என் பாட்டைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும், கச்சேரிக்கும் அழைக்க வேண்டும். சொன்னேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு முக்காட்டை விலக்கி, இரண்டு காதிலிருந்தும் ஒவ்வொரு பஞ்சு உருண்டையை எடுத்தார்.

"இன்னா சொன்னீங்க டீச்சர்?"

திரும்பச் சொன்னேன்.

"வண்டியில பாடுவீங்களா? எனக்குத் தெரியாதே. பொழுது விடிஞ்சா யாராச்சும் ஒருத்தரு எங்கயாச்சும் வலிக்குதுன்னு சொல்லிக்கினே கீறாங்க. வூட்டுக்குப் போனா அங்கயும் அதான். இந்த மலை ஏர்ற நேரம்தான் எனக்குன்னு இருக்கு. நீங்க பேச மாட்டீங்க, அதான் ஒங்க வண்டின்னா வர்றேன். என் வண்டி ரிப்பேரு முடிஞ்சி எப்பவோ வந்துடுச்சி. தப்பா நெனச்சிக்காதீங்க."

என் பாட்டு பிறந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் அதில் ஒரு ஸ்வரத்தைக்கூடக் கேட்கவில்லை. என் அறைக்குள் அவர் வந்துவிட்டார் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன், அவர் தன் அறையைக் காதிலேயே கொண்டுவந்திருந்தார். வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், பாடுங்கள் என்றார் அவர். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"எடுக்காதீங்க சிஸ்டர். நீங்க கேட்டா எனக்கு வராது."

அவர் உருண்டைகளைத் திரும்ப வைத்துக்கொண்டார். மீதி மலையை ஏறினோம்.

வேலூர்க் கச்சேரியில் மேடையேறியதும் வயலின்காரரிடம், நாலரை என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தந்திகளை இறக்கினார். அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கு நான் எத்தனை காபி வாங்கிக்கொடுத்தாலும் தகும். முன்வரிசையில் கணவர் தப்புத் தாளத்தோடும், மாமியார் பெருமையோடும் இருந்தார்கள். பின்னால் தூண் ஓரம் நர்சம்மா. முக்காட்டுக்குக் கீழே காதோரம் வெள்ளையாகத் தெரிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர், விடுப்பை வீணாக்க விரும்பவில்லை போலும். மற்ற பாட்டுகள் முழுக்கக் கண்ணை மூடி, மலையேறும்போது எப்படி இருப்பாரோ அப்படியே நிம்மதியாக இருந்தார். எனக்கும் அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

அடுத்து வருவது என் சொந்தப் பாட்டு என்று சொன்னேன். பல்லவி பாடினேன், அனுபல்லவி பாடினேன். சரணம் எடுத்து அந்த வளைவுக்கு வந்தபோது தூண் பக்கம் பார்த்தேன். நர்சம்மா கண்ணைத் திறந்திருந்தார். மெதுவாக முக்காட்டுக்குள் கையைவிட்டுப் பஞ்சை எடுத்தார், ஒரு காதிலிருந்து மட்டும்.