தம்பிக்காகக் கேட்ட பூ

மேடையில் எனக்கு அச்சம் இருந்ததில்லை. கல்லூரிப் பட்டிமன்றங்களில் அறிவியலின் பக்கம் நின்று வென்றவள் நான். எதிரணியின் வாதம் எங்கே முறியும் என்பது அவர்கள் வாய் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் படிக்கும் என் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அந்தத் துணிவு சில மாதங்கள் தாங்கியது. மருத்துவர் அடுத்த சிகிச்சையை விளக்கிய அன்றுதான் அது என்னைக் கைவிட்டது.

சாக வேண்டிய நேரத்தில் சாக மறுக்கும் செல்களே இந்த நோய் என்றார் அவர். மருந்தால் தம்பியின் எலும்பு மஜ்ஜையை முழுவதும் அழிக்க வேண்டும். பிறகு, அவனோடு பொருந்திய என் இரத்தத்திலிருந்து, புது இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களைப் பிரித்து அவனுக்குச் செலுத்த வேண்டும். அவை உயிர்பிடித்தால் அவன் பிழைப்பான். "அழிச்சதுக்கு அப்புறம் நீங்க மனசு மாறக் கூடாதும்மா. அவனுக்குன்னு உள்ளே எதுவும் மிச்சம் இருக்காது."

கையெழுத்திட வேண்டிய அப்பா, "மலைக்குப் போயிப் பூக் கேட்டுட்டு வாரோமுங்க" என்றார்.

மலைமேல் இருக்கும் எங்கள் வாசலூர்பட்டியில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மன் சிலையின் இரு தோள்களிலும் பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பூ விழுந்தால் ஆம். இடப்பூ விழுந்தால் இல்லை. தம்பியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் மறுப்புரை தயாரித்துக்கொண்டே வந்தேன்.

கோயிலில் பூசாரி அம்மனின் தோள்களில் பூ வைத்தார். தம்பியைப் பற்றித்தான் அப்பா கேட்பார் என்றிருந்தேன். அவர் கைகூப்பிக் கேட்டது வேறு. "குடுத்தா எம்மவ முழுசா இருப்பாளா தாயி?"

இடப்பூ விழுந்தது.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணக் காப்பாத்தப் போயி ரெண்டையும் பறிகொடுக்கச் சொல்றியா கண்ணு?"

கொடுத்த அணுக்கள் உடலில் மீண்டும் ஊறிவிடும், முதுகெலும்பை யாரும் தொடப்போவதில்லை, பூவைத் தள்ளியது சன்னல் காற்று என்று நிரல்படப் பேசினேன்.

"ஏனுங்க, இங்க மைக் எதும் வெச்சிருக்குதுங்களா?" என்றார் பூசாரி.

"தாயி முன்னால நின்னுக்கிட்டுக் காத்துன்னு சொல்லாத கண்ணு" என்றார் அப்பா.

கேட்டதையே திரும்பக் கேட்பது வழக்கமில்லை. "வேற கேள்வி கேக்கலாமுங்களா?" என்றேன்.

பூசாரி யோசித்தார். "வேறயா இருந்தாக் கேக்கலாமுங்க."

விவாதத் தலைப்பைத் தன் அணிக்கு வாகாகத் திருத்தியமைப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. காற்று இன்னும் அதே பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மீண்டும் இடப்பூவே விழும் என்று கணக்கிட்டு, அந்த 'இல்லை' எனக்கு உதவும்படி கேட்டேன்: "நாங் குடுக்காட்டித் தம்பி பொழைப்பானா தாயி?"

கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. வலப்பூ விழுந்தால் அப்பா இனி ஒருநாளும் கையெழுத்திட மாட்டார். அவனைக் கொன்றது என் கேள்வியாகவே இருக்கும். பூக்கள் வெகுநேரம் அசையவில்லை. கடைசியில் இடப்பூ விழுந்தது.

"கெளம்பு கண்ணு" என்று அப்பா எழுந்தார்.

வென்றுவிட்டேன். ஆனால் இறங்கும் பேருந்தில் என் தர்க்கம் என்மீதே திரும்பியது. இரண்டாவது பதில் தெய்வத்தினுடையது என்றால் முதலாவதும் தெய்வத்தினுடையதுதான். முதலாவது வெறும் காற்று என்றால், அப்பாவை நான் காற்றைக் காட்டி அழைத்துச் செல்கிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் அச்சமாகவே இருந்தது.

மருந்து முடிந்து தம்பி கண்ணாடி அறைக்குள் வெளுத்துக் கிடந்தான். தொலைபேசியில் கேட்டான்: "ஏக்கா, உன்ற ரத்தம் ஏறுனா நானும் மேடை ஏறிக் கத்துவனா?" குருத்தணுக்கள் பெருகுவதற்காகச் சில நாளாக எனக்கு ஊசி போட்டுவந்தார்கள்; அதில் இடுப்பெலும்பு வலித்தது. மறுநாள் என் ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குள் போய், குருத்தணுக்களை அங்கே விட்டுவிட்டு மறுகைக்குத் திரும்பியது. கையை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று உடல் சொன்னது. அசையாமல் கிடந்தேன்.

பல நாள் எதுவும் முளைக்கவில்லை. ஒரு காலை அவன் இரத்தத்தில் புதிய வெள்ளணுக்கள் தென்படுவதாகச் செவிலியர் வந்து சொன்னார். அம்மா அழுதார். அப்பா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் பண்லயே கண்ணு?"

"இல்லீங்கப்பா" என்றேன். இடுப்பெலும்பு அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அது அந்த ஊசிகளின் வலி, போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.