பின்னாலிருந்து எண்ணிய எழுபது நாள்

அந்தத் தை மாதத்தில் நான் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் வேலைக்கு இருந்தேன். அதற்கு முன் ஆந்திராவில் போர்வெல் லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை, இடுக்கியில் ஏலத்தோட்டம். ஏழாம் வகுப்போடு நின்றவன். ஒரு வருடத்துக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. ஏதாவது உடைந்தாலோ யாராவது சத்தம் போட்டாலோ பையைத் தூக்கிக்கொண்டு முதலில் வரும் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியும் முன்பே எங்கள் கடை வாசலில் வந்து நிற்கும். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி, நெருக்கி உட்கார்ந்து, குமுளி மலைக்குப் போவார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அப்படிப் பத்து வருடம் போய்வந்த ஒருத்தி ஒரு நாள் ஜீப்பில் ஏறாமல் கடைக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஜீப்பை ஓட்டுகிறவன் அவள் புருஷன்தான். வந்தவள் எங்கள் குப்பைக்கூடையைக் காட்டினாள்.

"அண்ணே, இந்தப் பேப்பர் கப்பையெல்லாம் சேத்து வச்சு எனக்குக் குடுப்பீகளா?"

"எதுக்குத் தாயி? போட்டிக்குக் கடை போடப்போறியா?"

"வெள்ளரிக்கு வீடு கட்டணும்."

வெளியே ஜீப்பில் இருந்த புருஷன், "குடுங்கண்ணே. இருக்கிற வீட்டுக்கு ஓடு மாத்த ஆளக் காணோம், வெள்ளரிக்கு வீடு கட்டப்போறாளாம்" என்றான். ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு வாரம் சேர்த்து ஒரு சாக்கு நிறையக் கப்பை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் விவரம் தெரிந்தது. ஊருக்குக் கீழ்ப்பக்கம் வாய்க்கால் பாசனத்தில் அவளுக்கு அறுபது சென்ட் நிலம் உண்டு. அதில் கணிவெள்ளரி போடப்போகிறாள். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், சித்திரை பிறக்கும் விஷு அன்று கண் விழித்ததும் பார்க்கிற கணித் தட்டில் வைக்கும் பொன் நிற வெள்ளரி அது. விஷுவுக்கு முன்னால் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் அதே காய் வெறும் குழம்புக் காய்தான். இந்த ஒரு வெள்ளாமை கைகொடுத்தால் அவள் இனி நிலத்திலேயே இருந்துகொள்வாள், தவறினால் பேசாமல் ஜீப்பில் ஏறிவிடுவாள். புருஷனிடம் அப்படிச் சொல்லித்தான் அந்த ஒரு பருவத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

அவள் கணக்குப் போட்ட விதம் எனக்குப் புதிது. சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விஷுவிலிருந்து தாளைப் பின்னோக்கித் தள்ளினாள். மலையேற்ற நாலு நாள். காய் நிறம் மாறப் பத்து நாள். காய் திரள, பூ பூக்க, கொடி ஓட என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். எழுபது நாள் கழித்ததும் விரல் தை மாதத்தின் மூன்றாவது வாரத்தில் நின்றது.

"அன்னைக்கு விதை மண்ணுக்குள்ள இருக்கணும். ஆனா அன்னைக்கு என் வயல்ல நெல்லுல்ல நிக்கும்?" என்றாள். "அறுப்பு மெஷின் மாசி பொறந்துதான் இந்தப் பக்கம் வருமாம். நடுவுல ரெண்டு வாரம் இடிக்குது. அந்த ரெண்டு வாரத்தைக் கப்புக்குள்ள வச்சு ஓட்டிரணும்."

நான் கடந்துபோன நாளைத்தான் எண்ணிப் பழகியவன். வரப்போகும் ஒரு காலைப்பொழுதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் நடந்து வருகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

ஆணியைச் சுட வைத்து எண்ணூறு கப்புக்கும் அடியில் ஓட்டை போட்டோம். மண், மட்கிய சாணம், கொஞ்சம் மணல். ஈரத்துணியில் முடிந்து வைத்த விதை வெள்ளையாக மூக்கு நீட்டியதும் கப்புக்கு ஒன்றாக ஊன்றினோம். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கி, பனிக்கும் வெயிலுக்கும் மேலே பழைய சேலையைக் கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். கப்புக்குக் கப்பு மண் விரிந்து லேசாகத் தூக்கியிருந்தது. மத்தியானத்துக்குள் எண்ணூறு முளையும் முதுகை வளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. சிலது விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையிலேயே வைத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் டீக்கடைக்குப் போக மறந்துவிட்டது. சாயங்காலம் போனால் கடைக்காரர், "கப்பு குடுக்கப் போன எடத்துலயே இருந்துக்க, இங்கன வேற ஆளு வந்தாச்சு" என்றார்.

அவளிடமே நாள் கூலிக்குச் சேர்ந்தேன். பக்கத்து வயல் மோட்டார் ரூமில் உரச்சாக்கு விரித்துப் படுக்கை. பனியில் கால் வெடித்து நடக்கும்போது ரத்தம் வரும். இரண்டு வேளைச் சோறு இருந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மெஷின் வந்து நெல்லை அறுத்துப் போட்டது. குழி எடுத்து எரு போட்டு முடித்தபோது நாற்றுக்கு இரண்டு இலை விரிந்திருந்தது. நடவு அன்று வாய்க்காலில் எங்கள் தண்ணீர் முறை பொழுது சாயும்வரைதான். "பிளேடால கப்பைக் கிழிச்சுட்டு, மண்ணு உதிராம அப்படியே எறக்குங்க. வெள்ளரி வேரு தொட்டாச் சிணுங்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். புருஷன் ஜீப்பை விட்டுவிட்டு வந்து நடுவில் பிடித்தான். கடைசிப் பக்கம் எனக்கு. வெளிச்சம் குறையக் குறைய எனக்கு நாலு வரி நாற்று பாக்கி நின்றது. காகிதம்தானே, மண்ணில் மக்கிவிடும் என்று அந்த நாலு வரியையும் கப்போடு குழியில் இறக்கி விளிம்பை மூடினேன். யாரும் பார்க்கவில்லை.

பத்து நாளில் மற்ற செடியெல்லாம் சுருள் விட்டுத் தரையில் ஓட ஆரம்பித்தது. என் நாலு வரி மட்டும் வைத்த இடத்தில் வைத்த மாதிரி வெளிறி நின்றது. மெஷின் சக்கரம் ஏறி அந்த இடத்து மண் இறுகிவிட்டது என்று அவள் நினைத்தாள். சாணிப்பால் கரைத்து ஊற்றினாள். "அந்த மெஷின்காரன் வரட்டும். இந்த நாலு வரியையும் அவன் தலையில நடுறேன்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். நான் பக்கத்தில் குடம் ஏந்தி நின்றேன்.

அன்று மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தேனி பஸ் நின்றது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் விசில் அடிக்கும் முன் இறங்கினேன். இன்னும் நாலைந்து நாளில் பூ வந்துவிடும் என்று அவள் காலையில் சொல்லியிருந்தாள். எனக்கு அந்தப் பூவைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வேறு காரணம் இல்லை.

திரும்பிப் போய், நாலு வரியையும் கப்போடு நட்டதைச் சொன்னேன். அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மாசமாண்ணே டீக்கடையில இருந்தீக?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா கொதிக்கக் கொதிக்க ஊத்தியும் ஒழுகாத கப்பு. வேருக்கு மட்டும் வழி விட்டுருமா?"

புருஷன், "மெஷின்காரன் பாவம், இந்நேரம் புரையேறியே செத்துருப்பான்" என்றான். அவள் சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மண்ணை விலக்கினாள். நான் அடுத்த செடிக்குப் போனேன்.

அங்கே பார்த்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கப்புக்குள் வேர், சாக்குத் தைக்கிற சணல் மாதிரி சுற்றிச் சுற்றி நிறைந்திருந்தது. போக இடம் இல்லை. ஆனால் ஆணியால் போட்ட அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, நூலாக மெலிந்து, வெளியே வந்ததும் பழையபடி தடித்துக் கீழே இறங்கியிருந்தது ஒரு வேர். வேறு ஒரு கப்பில் அதுவும் இல்லை. அந்தச் செடி கப்பு மண்ணுக்கு மேலே இருந்த தண்டிலிருந்து புது வேர் விட்டு, கப்பின் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் இறக்கிக்கொண்டிருந்தது. கண் இல்லாத ஒன்று எப்படி விளிம்பை அறிந்தது? அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆத்தாடி, எங்கன போய் எப்படி வந்துருக்கு" என்று மெல்லச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கப்பாகக் கிழித்து எடுத்தோம். பொழுது இறங்க நாலு வரியும் முடிந்தது.

பூ வந்தது. மஞ்சள் பூ, காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிவிடும். எங்கிருந்துதான் தேனீ வந்ததோ, பூ விரிந்திருக்கும் நேரமெல்லாம் வயல் முழுக்க இரைச்சல். பூவுக்குப் பின்னால் விரல் நுனி அளவு பிஞ்சு. என் நாலு வரியும் கொடி ஓடி, பிந்திப் பூத்தது.

பங்குனி பாதியில் குமுளியிலிருந்து வியாபாரி வந்து பார்த்தார். காய் நல்ல திரட்சி. ஆனால் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. எல்லாம் பச்சையில் வெளிர்க் கோடு. "சேச்சி, காய் கொள்ளாம், நல்லா இருக்கு. பட்சே நிறம் வரணும் கேட்டோ. பச்சைக்காய் கணிக்கு எடுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து அடித்து நிறம் ஏற்றலாம் என்று புருஷன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கொடி வாடினால் காய் தானாக நிறம் மாறும் என்று தண்ணீரை நிறுத்தினாள். எங்கள் முறை வந்தபோதும் மடையைத் திறக்காமல் பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுத்தாள். பங்குனி வெயில். கொடி மத்தியானத்தில் துவண்டு கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் கோத்துக்கொள்வாள். மடையைத் திறந்துவிடக் கூடாது என்று கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

ஏழாவது நாள் காலை, பனி விலகும் நேரம். வாடிய இலைக்கு நடுவே ஒரு மஞ்சள். அதற்கு அப்பால் இன்னொன்று. முதல் நாள் சாயங்காலம் பச்சையாகப் பார்த்த காய்கள். அடுத்த மூன்று நாளில் வயல் முழுக்கப் பரவியது. நிறத்தில் வெளியிலிருந்து வந்தது எதுவும் இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் வெயிலிலும் அந்த நிறம் எங்கேயும் கிடையாது. நான் தங்கத்தைக் கையில் பிடித்தவன் இல்லை. அந்த வயலுக்குள் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. நாள்காட்டியில் காய் நிறம் மாற அவள் ஒதுக்கிய அந்தப் பத்து நாளுக்குள்தான் எல்லாம் நடந்தது.

ஏலத்தோட்ட ஆள் ஏற்றும் ஜீப்பில் வைக்கோல் பரப்பி, காய்க்குக் காய் படாமல் அடுக்கி, இரண்டு நாள் குமுளிக்கு ஏற்றினோம். வியாபாரி ஒரு காயைத் துணியால் துடைத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அடுத்த வருஷம் இதுபோல எனக்கு இரட்டி வேணும்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என் நாலு வரிக் காய் மட்டும் பச்சையாகவே வயலில் கிடந்தது.

விஷு கழிந்த மறுநாள் விடிந்துகொண்டிருந்தபோது வயலை ஒட்டிய பாதையில் ஜீப் வந்து நின்றது. பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் ஒரு இடம் காலி. புருஷன் எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, என்ன சொல்ற?" என்றான். எல்லோருக்கும் கேட்கும்படி ஒருத்தி, "மகாராணி இனி நம்மகூட ஏறுவாகளா?" என்றாள்.

அவள் நாலு வரிக்குள் குனிந்து நின்றாள். நானும் பார்த்தேன். காய்கள் அன்றுதான் காம்போரம் மஞ்சள் கட்ட ஆரம்பித்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். கப்புக்குள் நான் பூட்டி வைத்த அந்தப் பத்து நாளைத்தான் அவை பிந்தியிருந்தன.

அவள் நிமிராமலே கையை அசைத்தாள். "அந்தச் சீட்டுக்கு வேற ஆள் பாருங்க. எனக்கு இங்கன நாலு வரி பாக்கி கெடக்கு."

ஜீப் கியர் மாற்றி மலைப்பக்கம் போனது. நான் குழம்புக் காய் அறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு வரிக்குள் இறங்கினேன்.