வாக்கியத்தை முடித்து வைப்பவர்கள்

அவர் விழுந்த செய்தி காலையில் வந்தது. மதியத்துக்குள் அஞ்சலிக் கட்டுரைகள் அடுப்பேறிவிட்டன. எனக்கு அந்த வாசனை தெரியும். எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் சாவு வருவதற்கு முன்பே தாளிக்கிற வாசனை வந்துவிடும். எங்கள் வாசகர் குழுவில் ஒருவர், மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர், என்னைத் தனியாக அழைத்தார்.

"அக்கா, சாரோட நான் நிக்கிற பழைய போட்டோ ஒண்ணு நீங்க எடுத்தீங்களே, இருக்கா? ஒரு சேஃப்டிக்குத்தான்."

எதற்கான சேஃப்டி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விழுந்தவர் நாவலாசிரியர். எங்களில் பலர் கல்லூரி நாட்களில் அவரைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர்கள். காதல் கடிதத்தில் அவர் வரியைத் திருடியவர்கள், வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது துணிகளுக்கு நடுவில் அவரை மடித்து வைத்துக் கொண்டுவந்தவர்கள். மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் வலது காலும் ஓய்ந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு, பொம்மனஹள்ளியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அதாவது எங்கள் ஊருக்கு. எங்கள் கைக்கு.

பிரேசர் டவுனில் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடுகிற குழு எங்களுடையது. மற்ற நாட்களில் வாட்ஸப்பில் கிடப்போம். அந்த வாரம் குழுவின் முகப்புப் படத்தில் கறுப்பு வெள்ளையில் அவர் வந்தார். உயிரோடு இருக்கிற மனிதரை யார் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார்கள் என்று கேட்டேன். "அது ஆர்ட்டிஸ்டிக்கா இருக்குன்னு போட்டதுக்கா" என்று பதில் வந்தது, கூப்பிய இரண்டு கைகளுடன். பிறகு அவரவர் நெருக்கம் ஏலத்துக்கு வந்தது. அவர் என் வீட்டில் காபி குடித்திருக்கிறார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் கவிதையைப் படித்துவிட்டு 'ம்' என்றார். அந்த 'ம்' சாதாரண 'ம்' அல்ல. படித்துக்கொண்டே இருந்தேன். நாக்கின் அடியில் பழைய எண்ணெய் ஊறியதுபோல் இருந்தது. ஆனாலும் கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது.

போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். நானும் போனேன்.

அந்த வீட்டில் முதலில் எதிர்கொண்டது பழுக்கிற பழங்களின் நாற்றம். ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்கள், கறுத்த வாழைப்பழங்கள், பிளாஸ்டிக் தாளில் வியர்க்கும் திராட்சை. புரையேறாமலிருக்கத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கரண்டியால்தான் அவருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பழம் வாங்கியவர்கள் யாரும் விசாரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, எவர்சில்வர் டப்பாக்களில் அதிரசம். அவருடைய நாவலில் கதாநாயகன் ஒரு மழைநாளில் அதிரசம் தின்பான். பக்கம் முழுக்கத் தின்பான். அதைப் படித்து உருகியவர்கள் தனித்தனியாக யோசித்துத் தனித்தனியாக வாங்கி வந்திருந்தார்கள்.

"அவருக்கு அதிரசமே ஆகாதும்மா" என்றார் அவர் மனைவி. "கல்யாணத்துலகூட எடுத்து என் இலையில வச்சிடுவாரு. தின்னது அந்தக் கதையில வர்றவன்தான். அவனைப் போய்ப் பார்க்கச் சொல்லு இவங்கள."

சிரித்தோம். அந்த அம்மா சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கன்னடக்காரி, அந்த வீட்டுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். எங்களையெல்லாம் கூடத்தில் நிறுத்திச் சொன்னாள்: "சார்க்கு வார்த்தை உள்ளே இருக்கு. அவரே தேடி எடுக்கணும். நீங்க யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. சொல்ப... கொஞ்சம் டைம் குடுங்க, ப்ளீஸ். குடுத்தா வரும். நீங்களே சொல்லிட்டா அவர் தேடறதையே நிறுத்திடுவார். இந்த மாசங்கள் போனா திரும்ப வராது."

தலையாட்டினோம். நன்றாக ஆட்டுவோம் நாங்கள். கூட்டங்களில் பழகிய தலை.

அவள் போனதும் மனைவி எங்களிடம் தனியாகச் சொன்னார்: "எனக்கு அவரு பேசணும். கதை வேணாம், கவிதை வேணாம். 'உப்பு கம்மி'ன்னு சொன்னாப் போதும்."

ஆனால் எங்களுக்கு அவரை மனப்பாடமாகத் தெரியும். அதுதான் கேடு. வேறு எந்த நோயாளியைப் பார்க்கப் போகிறவனும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்; அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கள் தொண்டைக்குள் அவர் முப்பது வருடமாக எழுதிய வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன. அவர் 'ம...' என்று திணறினால் போதும். மூன்று பேர் மூன்று நாவல்களிலிருந்து 'ம'வில் தொடங்கும் வரியை எடுத்து நீட்டுவார்கள். அவர் மூவரையும் பார்ப்பார். பிறகு, விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற பழைய மரியாதையில், தலையசைப்பார். "பாத்தீங்களா, அதேதான்!" என்று ஒருவர் மற்றவரின் தொடையில் தட்டுவார். வாரம் செல்லச் செல்ல அவர் முயல்வது குறைந்தது. ஓர் எழுத்தைத் தொடங்குவார், எங்கள் முகங்களில் ஆவல் ஊறுவதைப் பார்ப்பார், விட்டுவிடுவார். எச்சில் ஊறும் முகங்கள். பந்தி வாசலில் நிற்கும் முகங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

படுக்கையைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு பேர். பழைய போட்டோ கேட்டாரே, அந்தப் பதவிக்காரர் போனைக் கிடைமட்டமாகப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். மனைவி சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தார். அவர் திடீரென்று இடது கையை மெத்தையில் ஊன்றி எழ முயன்றார்.

"எ... எ..."

"சார் ஏதோ சொல்றார், சும்மா இருங்க எல்லாரும்!"

"எ... எனக்கு..."

'எனக்கு' என்கிற சொல் முழுசாக வந்தது. விழுந்த நாளிலிருந்து வந்த முதல் முழுச்சொல். அடுத்ததுக்காக அவர் நெற்றி சுருங்கியது, உதடு கோணியது, கழுத்து நரம்பு ஏறியது. அந்த நொடி காத்திருந்திருக்கலாம். ஒரு சிவப்பு சிக்னலுக்குக் காத்திருக்கிற அளவுக்குக்கூட வேண்டாம்.

"எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கதவு!" என்றது ஒரு குரல். அவருடைய மிகப் பிரபலமான வரி. டீ ஷர்ட்டில்கூட அச்சடித்திருக்கிறோம்.

"அது திறக்க வேண்டும் என்றுகூட இல்லை!" என்று மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல். கைதட்டல். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவர் எங்களைப் பார்த்தார். கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"அழறார். க்ளோஸப் போங்க, க்ளோஸப்!"

மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். கணவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். போர்வையை விலக்கினார். மஞ்சள் ஈரம் விரிப்பு முழுக்கப் பரவி எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவருக்கு வேண்டியது ஒரு கதவுதான். நாலடி தூரத்திலிருந்த குளியலறைக் கதவு. அது திறக்கவும் வேண்டியிருந்தது.

அறை காலியான வேகத்தை என்னவென்று சொல்ல. இலக்கியத்தில் இவ்வளவு சுறுசுறுப்பு நான் கண்டதில்லை. ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே "வர்றோம்மா" என்றார். நான் நின்றேன். அன்பு என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். இழுத்தோம், புரட்டினோம், துடைத்தோம். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அந்தக் கழுத்தின் பின்புறம் எனக்கு மறக்கவில்லை. அவமானத்தில் சிவந்து சின்னப் பையனுடையது போலிருந்தது.

மாலையில் அந்த வீடியோ குழுவில் வந்தது, வெட்டி ஒட்டி, புல்லாங்குழல் பின்னணியில். 'நோயிலும் இலக்கியமே மூச்சாக' என்று தலைப்பு. இதயங்கள் குவிந்தன. நான் பார்த்தது அந்த இதயங்களின் மஞ்சளை. சிவப்பாகத்தான் போட்டிருந்தார்கள், எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் மனைவி யாரையும் உள்ளே விடவில்லை. "ஆசிரியரை வாசகர்களிடமிருந்து பிரிக்கும் குடும்ப அரசியல்" என்று ஒருவர் நெடிய பதிவு எழுதினார். அதற்கும் இதயங்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அம்மாவே கூப்பிட்டார். மகளுக்கு ஆபீஸில் ஏதோ கூட்டம். மருந்து தீர்ந்துவிட்டது. "கொஞ்சம் வந்து பக்கத்துல உக்காந்திருக்கியாம்மா? பேச்சுக் குடுக்காதே. அவரு ஏதாவது ஆரம்பிச்சா வாயத் தொறக்காதே. தொறந்தே, உன்னையும் வெளிய தள்ளிடுவேன்."

உட்கார்ந்தேன். வெளியே சாக்கடையின் நெடி, ஹோசூர் ரோடு இரைச்சல், மங்கும் வெளிச்சம். அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கொ..."

அவருடைய ஒரு நாவல் 'கொல்லையில்' என்றுதான் தொடங்கும். அது என் நாக்கின் நுனிக்கு வந்து துள்ளியது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே. கன்னத்தின் உட்புறத்தைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"கொ... கொ..."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. இன்னொன்று போனது. எனக்கு வியர்த்தது. சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலையா?

"கொ...சு."

மூச்சு வாங்கினார். இடது கை மெல்ல எழுந்து காட்டியது.

"ஜன்ன... ஜன்னல்... சாத்து."

அவருடைய எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். எழுந்து போய்ச் சாத்தினேன். கொக்கியையும் மாட்டினேன்.

மருந்துப் பையோடு திரும்பி வந்த அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

"அவரேவா? நீ எடுத்துக் குடுத்தியா?"

"இல்லம்மா. அவரேதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் போனார். "எங்கிட்ட ஒருதடவை சொல்லுங்க. ஜன்னலைச் சாத்துன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் தேடினார். இருவரும் காத்திருந்தோம்.

"அதான்... சாத்தி...யாச்சே."

மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டிருந்தது. அதே அடுக்குமாடியில் குடியிருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார். "அக்கா, உங்களை மட்டும் விட்டாங்களாமே! சார் பேசினாரா? என்ன சொன்னார்? சொல்லுங்கக்கா ப்ளீஸ்."

தட்டினேன்: 'கொசு கடிக்கிறது, ஜன்னலைச் சாத்து என்றார்.'

முதல் பதில் வந்தது.

"ஆஹா. என்ன ஒரு படிமம்."

அடுத்தவர்: "ஜன்னல்னா அவர் எழுத்துல எப்பவும் வெளியுலகம்தானே. அதைச் சாத்தச் சொல்றார். விடைபெறுதல்."

"கொசு இன்றைய அரசியல்" என்றார் மூன்றாமவர். பதவிக்காரர் அந்த ஜன்னல் வாக்கியத்தை மேற்கோளாக்கி, கறுப்பு வெள்ளைப் படத்தின் கீழே, அழகான எழுத்துருவில் போட்டுவிட்டார். நாவலாசிரியர் பெயர், ஒரு கோடு, அவர் வாக்கியம். நாளை டீ ஷர்ட்டில் வரும்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். முழங்கைக்குக் கீழே, அவர் அறையில் கொசு கடித்த இடம் தடித்து அரித்தது.