சத்தத்தைக் குறைத்துப் பார்த்த படம்

இன்று காலை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தொண்ணூறுகளில் என்னிடம் பத்தாவது படித்த கலாவின் அப்பா. பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

அந்த வருடம் கல்யாண வீடியோக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கி, பிள்ளைகளைச் சின்னதாக ஒரு படம் எடுக்க வைத்தேன். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்யப் பார்க்கும் வீட்டில், "மாட்டேன்" என்று அழும் பெண்ணாகக் கலா நடித்தாள். வசனமும் அவளே எழுதியதுதான்.

சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் அப்பா கேசட்டை வாங்கிப்போனார். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு கலா பள்ளிக்கு வரவில்லை. நான் வீடு தேடிப் போனபோது கல்யாணமே முடிந்திருந்தது.

"ஒங்க கேசட்டாலதான் டீச்சர் அந்த சம்மந்தமே அமைஞ்சிது," என்றார் இன்று, சந்தோஷமாக. "ஸ்ரீமுஷ்ணத்துல மாப்ள வூட்டுல போட்டுக் காட்டுனேன். பாத்ததுமே புடிச்சிப்போச்சி."

"அதுல அவ கல்யாணம் வேணாம்னுதான அழுவுறா?"

"சத்தத்தக் கொறச்சிட்டுத்தான் பாத்தாங்க. மொகம் தெரிஞ்சா போதாதா?"

கலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன, இருக்குறா. அவ கடைசிப் பொண்ணு இப்ப பதினொண்ணாவது படிக்கிது. அப்படியே அம்மா ஜாடை. அதயும் ஒரு படம் எடுத்துக் குடுங்களேன் டீச்சர், போன்லயே போதும்."

வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். மங்கலம்பேட்டை வந்த பிறகுதான் அது என் ஊர்ப் பஸ் இல்லை என்று தெரிந்தது.

நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?