கறிக்குழம்பில் அவரைக்கொட்டை

என் கல்யாணம் அவரைக்கொட்டையால் நின்றுபோகப் பார்த்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அப்பா அரூர்க்காரர். ஆட்டுக்கறிக் குழம்பில் கறியும் மசாலாவும் தேங்காயும் தவிர எது விழுந்தாலும் அது குழம்பே இல்லை என்பது அவர் கட்சி. அவரைக்கொட்டை சேர்க்கிற வீடுகளைப் பற்றிக் கேட்டால் ஒரே பேச்சுதான். “கறி வாங்க வக்கில்லாதவன் போசிய நெறப்பறதுக்குப் பண்ற வேல அது.” எனக்கும் அவரைக்கொட்டை பிடிக்காது. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. வாயில் மாவு மாவாக ஒட்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீடு நல்லம்பள்ளிப் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா நிலத்தில் போடுவதே அவரைதான். கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, கறியோடு சேர்த்து வேகவிட வேண்டும். அப்படிச் செய்யாத குழம்பு வெறும் தண்ணீர், விருந்தாளியை மதிக்காதவர்கள் வைப்பது என்பது அவர் கட்சி. தரகர் இரண்டு பேருக்கும் நல்லவராக நடந்துகொள்கிறேன் என்று இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் ஒப்பித்துவிட்டார்.

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை, இன்னொரு வீட்டில் நான் சத்தமாகச் சிரிக்கிறேனாம். இவர் போனில் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டு, யாருமே முழுதாகக் கேட்காத பேச்சைப் பேசியே பழகிப்போன எனக்கு அது போதும். இவர் இல்லையென்றால் வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வாயால் என்ன பேசினாலும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. அதுவரை பச்சைத் தண்ணீரோடு சரி. ஒருவரை ஒருவர் ‘சம்பந்தி’ என்று கூப்பிடக்கூட மாட்டார்கள். மற்றவர்கள் வடை பாயசத்தோடு முடித்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்களுக்குக் கறி போட்டால்தான் விருந்து.

இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பூத்தட்டு, பழத்தட்டோடு மூடி போட்ட தூக்குப்போசிப் பாத்திரம் ஒன்றும் வந்தது. நெய்யாக இருக்கும் என்று அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம்கூட இட்டுவிட்டார்.

இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கையை இலைக்கு மேலே நிறுத்திக் குழம்பை உற்றுப் பார்த்தார். பிறகு, “அந்தத் தூக்குப்போசிய எடுத்தாங்கம்மா” என்றார். திறந்தால், பிதுக்கி வேகவைத்த அவரைக்கொட்டை.

“நாலு கரண்டி உங்க கொழம்புல கலக்கிருங்க. திருப்தியாச் சாப்புடுவோம்.”

“என் வூட்டுக் கொழம்புல அவரை உழுந்தா அண்டாவோட தூக்கித் தெருவுல ஊத்திருவேன்” என்றார் அப்பா.

பெரியவர் கை வைக்காமல் மற்றவர்கள் வைக்கக்கூடாது. இரண்டு வேன் ஆட்களும் நனையாத கையை இலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சோற்றை ஆறவைத்துக்கொண்டிருந்தது. அவரையை இலை ஓரத்தில் பொரியல் மாதிரி தனியாக வைத்துவிடலாமே என்று எங்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். “அது வயித்துக்குள்ள போயிக் கலந்தா அப்ப யாரு கொழம்புங்க?” என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அப்பாவும் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கிச் சமையல்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விடியற்காலையிலிருந்து பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாழப்போவது நான், வீம்பு மட்டும் இவர்களுக்கா? விறுவிறுவென்று போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தேன். போசியை வாங்கி அவரையைச் சோற்றில் கொட்டி, அதன்மேல் அப்பாவின் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். வாயெல்லாம் மாவு. மெல்லாமல் விழுங்கினேன்.

சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். “பொண்ணு சொந்த வூட்டுல சாப்புட்டதெல்லாம் கை நனச்ச கணக்குல வராதுங்க.”

அப்பாவின் அக்கா, என் அத்தை, கரண்டியோடு முன்னால் வந்தார். “அவரை யாரு வூட்டுது? உங்க அடுப்புல வெந்ததுதான? அப்ப எங்க பொண்ணு உங்க வூட்டுல கை நனச்சிட்டா. இனி நனைய வேண்டியது உங்க கைதான்.”

இதில் ஓட்டை கண்டுபிடிக்க இரண்டு வேன் ஆட்களாலும் முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார்.

“நல்லா இருக்காம்மா?”

“நல்லா இருக்குங்க மாமா.”

அந்த ‘மாமா’ முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவர் கை சோற்றில் இறங்கியது. அத்தனை கைகளும் இறங்கின. மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்து, “சம்பந்தி, உப்பு கொஞ்சம் கம்மிங்க” என்றார்.

அன்றோடு அவரைக்கொட்டைத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஆனால் நல்லம்பள்ளியில் நான் அவரைக்கொட்டைப் பைத்தியம் என்று பெயராகிவிட்டது. பருவம் வந்தால் மாமா தன் கையாலேயே பிதுக்கி வைப்பார். கறி எடுக்கும்போதெல்லாம் என் தட்டில்தான் கரண்டி அதிகம். பாசத்தோடு போடுகிறவரிடம் என்னவென்று சொல்வது? கூட உட்கார்ந்து சாப்பிடும் என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். தெரிந்து என்ன, குனிந்து சிரிப்பதோடு சரி.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து அரூரில் கறி எடுத்தார்கள். காலையில் பின்பக்கம் போனால், தண்ணீர்க் குழாய் அருகே அப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு குண்டான் ஊறின அவரை. பிதுக்கத் தெரியவில்லை. கொட்டை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் தெறித்துச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கள்ளுக்கடையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

“இது இல்லாம உனக்குச் சோறு எறங்காதுன்னு சம்பந்தி போன்ல சொன்னாரு. கறியோடவே வேகணுமாமே?”

மத்தியானம் அந்தக் குழம்பை அவரே எனக்கு ஊற்றினார். அவர் தட்டில் அவரையைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா இருக்கா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

“நல்லா இருக்குப்பா. இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க.”